ஒளியின் மீச்சிற்றளவு

(இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் மன்றத்தில் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று நழுவப் பார்த்தேன். "உனக்குத் தெரிஞ்சத எழுது, போதும்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு கரித்தூள் பொட்டலம். அதில் ஆரம்பித்து, பாக்டீரியாவின் உடம்பில் இருக்கும் ஒற்றைப் புரதத்தைக்கூட ஒளியால் பார்க்க முடியும் என்பது வரை சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம். முதலாம் ஆண்டு இயற்பியல் செய்முறையில் திருகு அளவி பிடித்த எல்லோருக்கும் இது புரியும்.

கரித்தூளில் உயிர்

எங்களுக்கு மூன்று மா குத்தகை நிலம். அதாவது ஒரு ஏக்கர். அப்பா திருப்பூரில் வேலை செய்வதால் சாகுபடி முழுக்க அம்மா கையில். போன சம்பா நடவுக்கு முன்பு வேளாண்மை விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம் பொட்டலங்கள் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் 200 கிராம். பிரித்தால் உள்ளே கறுப்பாக ஒரு தூள். பழுப்பு நிலக்கரித் தூளில் பாக்டீரியாவைக் கலந்து தருகிறார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, நாற்று முடிகளின் வேரை அரை மணி நேரம் நனைத்து நட வேண்டும். பாக்டீரியா வேரோடு ஒட்டி வாழ்ந்து, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும். யூரியாவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் அம்மாவிடம் எடுத்துச் சொல்லி, யூரியாவைக் குறைக்க வைத்தவள் நான்தான்.

ஆனால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வாங்கி வந்த பொட்டலங்களை மாட்டுக் கொட்டகையின் தகரத்துக்கு அடியில் செருகிவிட்டு, தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். நான்கு நாள் புரட்டாசி வெயில். வெப்பம் படாமல் நிழலில் வைக்கவும் என்று பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் படிக்க அனுப்பப்பட்ட முதல் ஆள் நான்!

நட்ட பயிர் வெளுத்தது. பிறகு கடன் சொல்லி யூரியா வாங்கிப் போட்டோம். வெயிலில் பாக்டீரியா செத்ததால்தான் வெளுத்தது என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியாது. அம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கரித்தூள உயிருன்னு சொன்ன. நீ படிக்கிறவதானே, எங்க, காட்டு பாப்போம்."

"எதுடி உயிரு?"

நான் படித்த மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மீதமிருந்த ஒரு பொட்டலத்திலிருந்து சிட்டிகை தூளை எடுத்துக் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. புள்ளிகள் ஆடின. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "எல்லாம்தான் ஆடுது. இதுல எதுடி உயிரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா கேட்டது சரியான கேள்வி. 1827-ல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர் இதே சிக்கலில்தான் மாட்டினார். தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள் உயிர் இல்லாமலே ஆடும். நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் வரும் ஆட்டம் அது. பிரௌனியன் இயக்கம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். கரித்துகளும் ஆடும், பாக்டீரியாவும் ஆடும். பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் போதாது, எதைப் பார்க்க வேண்டுமோ அதைத் தனியாக அடையாளம் காட்ட வேண்டும். அன்று பேருந்தில் திரும்பும்போது எனக்குப் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்.

முதலில் அளவுகள்

திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். அதாவது 10 மைக்ரோமீட்டர். விஞ்ஞானிகள் அதிகம் ஆராய்ந்த பாக்டீரியாவான ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஆகவே திருகு அளவியின் ஒரே ஒரு பிரிவுக்குள் 5 பாக்டீரியாக்கள் வரிசையாகப் படுத்துக்கொள்ளலாம். நாம் "பிழை" என்று தள்ளிவிடும் இடத்தில் ஒரு குடும்பமே குடியிருக்கிறது.

இத்தனை சின்ன உயிருக்கு மூக்கு உண்டு. அதன் பெயர் ஏற்பி. ஏற்பி என்பது பாக்டீரியாவின் மேலுறையில் குத்தி நிற்கும் ஒரு புரதம். வெளியே நீட்டியிருக்கும் முனை சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றின் மூலக்கூறைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் முனை அந்தச் செய்தியை வாலைச் சுழற்றும் மோட்டாருக்கு அனுப்பும். ஆம், மோட்டார்தான். நம் துறைக்காரர்கள் கவனிக்கவும். புரதத்தாலான அந்த மோட்டார் விநாடிக்கு நூறு சுற்றுக்கும் மேல் சுற்றும், திசை மாற்றியும் சுற்றும்.

ஈ.கோலை எப்படி நீந்துகிறது என்பதை 1972-ல் ஹோவர்ட் பெர்க் தம் மைக்ராஸ்கோப்பால் ஒவ்வொரு பாக்டீரியாவாகப் பின்தொடர்ந்து கண்டார். சுமார் ஒரு விநாடி நேராக ஓடும், பத்தில் ஒரு பங்கு விநாடி தலைகுப்புறப் புரளும், பிறகு வேறு திசையில் ஓடும். தலைப்பக்கம் மணம் அதிகமா, வால்பக்கம் அதிகமா என்று ஒப்பிட அதன் உடம்பு போதாது. அதனால் சில விநாடிகளுக்கு முன் இருந்ததோடு இப்போது இருப்பதை ஒப்பிடுகிறது. நிலைமை நல்லபடியாகப் போனால் புரளுவதைத் தள்ளிப்போட்டு அதே திசையில் ஓடுகிறது. இருட்டில் சமையல் வாசனையை வைத்தே வீட்டைக் கண்டுபிடிப்பது போலத்தான்.

ஒரு பாக்டீரியாவில் ஏற்பிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவை ஒன்றையொன்று தொட்டுக் கூட்டமாக நிற்கும்போது, ஒன்று உணர்ந்ததைப் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து பெருக்கிக் காட்டும். ஆகவே எங்கே நிற்கின்றன, எப்படிக் கூடுகின்றன என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் உடம்பின் இரு முனைகளில் கூடுகின்றன என்பதை 1993-ல் ஜேனின் மேடாக், லூசி ஷபிரோ என்ற இரு பெண் விஞ்ஞானிகள் காட்டினார்கள். முனையில் எப்படிப் போய்ச் சேர்கின்றன? யாராவது இழுத்துக்கொண்டு போகிறார்களா, தானாகச் சேர்கின்றனவா? இதற்கு ஒவ்வொரு ஏற்பியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

புரதத்துக்கு விளக்கு மாட்டுதல்

ட்யூப் லைட் எப்படி எரிகிறது? உள்ளே பாதரச ஆவி வெளியிடுவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பூச்சு அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஒரு நிற ஒளியை உறிஞ்சி, வேறு நிற ஒளியை உடனே வெளியிடும் இதற்கு உடனொளிர்தல் என்று பெயர்.

இதே குணம் உள்ள புரதம் ஒன்று கடலில் கிடைத்தது. ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீன்களிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்து 1962-ல் அறிவித்தார். 1992-ல் டக்ளஸ் பிராஷர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அந்த மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்து அதைப் பச்சையாக ஒளிர வைத்தார். ரோஜர் சியன் பல நிறங்களில் ஒளிரும் புரதங்களை உருவாக்கினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் 2008-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணுவைத் தந்த பிராஷர் அப்போது ஆராய்ச்சி வேலை இல்லாமல், கார் விற்பனை நிலையம் ஒன்றில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது.

இதன் பயன் என்ன? ஏற்பியின் மரபணுவோடு ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டவைத்தால், பாக்டீரியா ஏற்பியைத் தயாரிக்கும்போதே விளக்கோடு சேர்த்துத் தயாரிக்கும். சரியான நிற ஒளியை அடித்தால் ஏற்பி இருக்கும் இடம் மட்டும் மின்னும். கரித்துகளோடு குழம்ப வேண்டியதில்லை.

200 நானோமீட்டர் சுவர்

இங்கேதான் ஒளி ஒரு தடை போடுகிறது. ஒளி ஓர் அலை. லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாது. ஊறிய தாளில் மை வைத்தது போலப் பரவும். விளிம்பு விளைவுதான் காரணம். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873-ல் இதற்குக் கணக்குச் சொன்னார். பிரித்துப் பார்க்கக்கூடிய மிகக் குறைந்த தூரம் என்பது, ஒளியின் அலைநீளத்தை லென்சின் ஒளி வாங்கும் எண்ணைப் போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. பச்சை ஒளி 520 நானோமீட்டர், நல்ல லென்சின் எண் 1.4 என்று வைத்துக்கொள்வோம்.

520 ÷ (2 × 1.4) = 186 நானோமீட்டர்.

ஏறத்தாழ 200 என்று வைத்துக்கொள்ளலாம். இதுதான் ஒளியின் மீச்சிற்றளவு. ஈ.கோலையின் முழு நீளத்துக்கும் பத்தே பிரிவுகள்தான்! ஏற்பிகளோ தேன்கூடு போல அறுகோணம் அறுகோணமாக அடுக்கப்பட்டவை. ஓர் அறுகோணத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 12 நானோமீட்டர். அபே சொன்ன ஒரே மங்கல் புள்ளிக்குள் இருநூறு அறுகோணங்கள் அடங்கிவிடும். முனையில் ஒரு வெளிச்சத் திட்டு தெரியுமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் பகுதிறன் மிக அதிகம்தான். ஆனால் செல்லுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் புரதக் கூட்டத்தில், நாம் தேடும் புரதம் எது என்று அது தானாகச் சொல்லாது. விளக்கு மாட்டிய புரதம் "நான்தான்" என்று சொல்லும். அதனால் ஒளியை விடவும் மனமில்லை, ஒளியால் தாண்டவும் முடியவில்லை.

பட்டறையில் இருந்து வந்தவர்

தாண்டிய வழிகளில் ஒன்றைக் கண்டவர் எரிக் பெட்சிக். இவர் கதை நம் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், 1990-களின் நடுவில் வெறுத்துப்போய் வேலையை விட்டார். 1995-ல் ஒரு யோசனையை மட்டும் கட்டுரையாக எழுதி வைத்தார். பிறகு அப்பாவின் இயந்திரக் கருவிக் கம்பெனியில் சேர்ந்து, கார் உதிரி பாகங்கள் செய்வதற்கான ஹைட்ராலிக் இயந்திரம் வடிவமைத்தார். அது சரியாக விற்கவில்லை. மறுபடி வேலை இல்லை. 2005-ல் அவரும் நண்பர் ஹெரால்ட் ஹெஸ்ஸும் சேர்ந்து, கலிபோர்னியாவில் ஹெஸ் வீட்டுக் கூடத்திலேயே ஒரு மைக்ராஸ்கோப்பைக் கட்டினார்கள். 2006-ல் அதன் முடிவு வெளிவந்தது. 2014-ல் ஸ்டீபன் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருடன் பெட்சிக்குக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் முறையை நம்ம ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். சதய விழாவுக்குப் பெரிய கோவிலில் சீரியல் செட் போட்டிருப்பார்கள். ரொம்ப தூரத்திலிருந்து பார்த்தால் தனித்தனி பல்பு தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒரே வெளிச்சம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பல்பு மட்டும் எரிந்தால்? அப்போதும் அது மங்கலான வட்டமாகத்தான் தெரியும். ஆனால் வட்டத்தின் நடுமையம் எங்கே என்று குறித்துவிடலாம். ஒவ்வொரு பல்பாக எரியவிட்டு, ஒவ்வொன்றின் மையத்தையும் ஒரே தாளில் குறித்துக்கொண்டே வந்தால், கடைசியில் எல்லா பல்புகளின் இடமும் கிடைத்துவிடும். செய்முறை இதுதான்:

1. ஏற்பியோடு பவளத்திலிருந்து கிடைத்த ஒரு புரதத்தை ஒட்டுகிறார்கள். இயல்பாக அது பச்சையாக ஒளிரும். ஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும் வகைக்கு மாறிவிடும்.

2. மிக மெல்லிய ஊதா ஒளி அடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றிரண்டு மட்டும் மாறும்.

3. இன்னொரு லேசர் அடித்து, மாறியவற்றின் சிவப்புப் புள்ளியை கேமராவில் பதிவு செய்து மையத்தைக் கணக்கிடுகிறார்கள். சற்று நேரத்தில் அந்தப் புரதம் ஒளி இழந்து அணைந்துவிடும்.

4. மறுபடி ஊதா ஒளி. அடுத்த ஒன்றிரண்டு. இப்படி ஆயிரக்கணக்கான படங்கள்.

மையத்தை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கலாம்? செய்முறை வகுப்பில் ஒரே கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு தடவை அளந்தா பத்தாதா சார்" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. இங்கே புள்ளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளும் ஓர் அளவீடு. அளவீடுகளின் எண்ணிக்கை கூடக் கூட, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பிழை குறையும். மங்கலின் பரவல் 100 நானோமீட்டர், வந்த ஒளித்துகள் 100 என்றால், 100-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும். பிழை 10 நானோமீட்டர். லென்ஸ் மாறவில்லை, அபேயின் விதியும் உடையவில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிடாமல், ஒவ்வொருவராகப் பேசவிட்டுக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

என்ன தெரிந்தது?

2009-ல் டெரெக் கிரீன்ஃபீல்ட், யான் லிப்ஹார்ட் முதலியோர், பெட்சிக்கும் சேர்ந்த குழுவாக, இந்த முறையில் ஈ.கோலையைப் பார்த்தார்கள். அசையாமல் நிலைநிறுத்திய 326 பாக்டீரியாக்களில், டார் என்ற ஏற்பியையும், அதன் செய்தியைக் கடத்தும் இரண்டு புரதங்களையும் சேர்த்து, 11 லட்சம் புரதங்களின் இடத்தைக் குறித்தார்கள். துல்லியம் 15 நானோமீட்டர்.

முனைகளில் பெரிய கூட்டங்கள் இருந்தன. ஆனால் டார் ஏற்பிகளில் மூன்றில் ஒரு பங்கு, அதுவரை சரியாகத் தெரியாத சிறு சிறு கூட்டங்களாக உடம்பின் பக்கவாட்டில் இருந்தது. இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் என்ற கணக்கும் இல்லை. ஒன்றாக, இரண்டாக, நூறாக எல்லா அளவிலும் இருந்தன. ஆராய்ந்தவர்களின் முடிவு என்னவென்றால், ஏற்பிகளை யாரும் இழுத்துப்போய் முனையில் வைக்க வேண்டியதில்லை. புதிதாக வரும் ஏற்பி மேலுறையில் அலைந்து, பக்கத்தில் கூட்டம் இருந்தால் ஒட்டிக்கொள்கிறது. பெரிய கூட்டத்துக்குத் தூரமாக விழுந்தவை தமக்குள் புதிய கூட்டம் தொடங்குகின்றன. பாக்டீரியா வளர்ந்து பிரியப் பிரிய, பழைய கூட்டங்கள் முனைகளில் தங்கிவிடுகின்றன. மேஸ்திரி இல்லாமலே வேலை நடக்கிறது.

மறுபடி எங்கள் வயலுக்கு

அசோஸ்பைரில்லத்துக்கு வருவோம். அதன் நைட்ரஜன் வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஆக்சிஜன் மிகக் கொஞ்சமாக இருக்கும் இடத்தைத் தேடி நீந்த வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில், நெல் வேரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் கசியும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டாமா?

2010-ல் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் கிளாடிஸ் அலெக்சாந்த்ர் குழுவினர், அசோஸ்பைரில்லத்தில் அப்படிப்பட்ட ஓர் ஏற்பிக்கு மஞ்சள் விளக்கு மாட்டிப் பார்த்தார்கள். இது நான் மேலே சொன்ன ஒவ்வொன்றாக எரியவிடும் முறை அல்ல, சாதாரண உடனொளிர்தல் மைக்ராஸ்கோப்தான். பாக்டீரியாவில் அந்த ஏற்பி முனைகளில் கூடியிருந்தது.  அது முனைகளில் கூடுவதற்கும் பாக்டீரியா நைட்ரஜன் சேர்க்கும் நிலைமைக்கும் தொடர்பு இருந்தது.

இதைப் படித்த அன்று, தாளில் ஒரு பாக்டீரியாவை வரைந்து, இரு முனையிலும் மஞ்சள் பென்சிலால் பொட்டு வைத்து அம்மாவிடம் காட்டினேன். "இதான் மூக்கு. இத வச்சுத்தான் வேரத் தேடி வரும்" என்றேன். அம்மா பார்த்துவிட்டு, "மூக்கு வச்ச உசுர தகரத்துக்குக் கீழ வச்சா, அது என்னாவும்?" என்று கேட்டார். இவ்வளவு நாள் நான் படித்ததை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இந்த முறை பொட்டலங்கள் பானைக்குப் பக்கத்தில், நிழலில் இருக்கின்றன. ஆனால் யூரியாவைக் குறைக்க அம்மா சம்மதிக்கவில்லை. கடன் இன்னும் பாக்கி. வெகு நேரம் கெஞ்சிய பிறகு வரப்போரமாக இருபது குழி மட்டும் எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். பத்துக் குழியில் பொட்டலக் கரைசலில் நனைத்த நாற்று, பத்துக் குழியில் நனைக்காத நாற்று, இரண்டிலும் ஒரே அளவு குறைந்த யூரியா. ஒரே தடவை பார்த்து முடிவு சொல்லிவிட முடியாது என்பது இப்போது எனக்குத் தெரியும். அடுத்த போகமும் அளப்பேன், அதற்கடுத்ததும் அளப்பேன்.

நண்பர்களே, நம் கல்லூரியில் உயிரியல் பாடம் இல்லை. இருந்தாலும் மாணவர் மன்றம் அடுத்த ஆண்டு ஒரு நல்ல மைக்ராஸ்கோப் வாங்க முயற்சி எடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். நம்மில் பாதிப் பேர் வயலிலிருந்து வந்தவர்கள். வீட்டில் யாராவது "காட்டு பாப்போம்" என்று கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.